மலையைப் படிக்க நம்மில் யார்?

வட்டவளையில் மழைக்குப் பஞ்சமே இல்லை. நாலு நாள் விடாமப் பெய்தால் லயத்தில பெரியவங்களுக்குத் தூக்கம் வராது. பின்னால இருக்கிற மேட்டைத்தான் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அந்த மேடு என்ன கல், என்ன மண் என்று நாங்க கேட்டதே இல்லை.

மலைநாடு உருமாறிய பாறை என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடிச்சிடும். ஆனா அந்தப் பாறைகளில் ஒரு பகுதி ஆதியில் அடையற் பாறை. தண்ணிக்கடியில் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும். பூமியின் ஆழத்தில், சுமார் 55 கோடி வருசத்துக்கு முன், வெப்பமும் அழுத்தமும் அவற்றை மாற்றின. மணல் குவாட்சைட் ஆனது, சுண்ணாம்பு சலவைக்கல் ஆனது.

இந்தத் தீவின் கல்லைப் படித்தவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை ஆய்வாளராகத்தான் அவரை நமக்குத் தெரியும். கொழும்பில் 1877இல் பிறந்து லண்டனில் புவிச்சரிதவியல் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குப் பணிப்பாளர். தோரியனைட் என்ற கனியத்தை 1904இல் முதலில் விவரித்ததும் அவர்தான். கல்லைத் தேடி ஊர் ஊராப் போனவர், அங்கே அழிந்துகொண்டிருந்த கைவினைகளையும் கண்டார். அந்த வேலையிலேயே மனிதரையும் பார்த்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அன்றைய அரசு கல்லைப் படிக்கச் சொன்னது எதை எடுக்கலாம் என்று பார்க்க. இன்று நமக்குத் தேவை வேறு கேள்வி: எந்தச் சரிவில் மனிசர் நிம்மதியாத் தூங்கலாம்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. அப்புறமும் சனம் அங்கேயேதான் இருந்தது. போக வேற காணி இல்லாத ஆளுக்கு எச்சரிக்கை வெறும் கடுதாசிதான்.

அதனால புவிச்சரிதவியல் படிச்சா மட்டும் எல்லாம் தீரும் என்று நாங்க சொல்லவில்லை. காணியும் வீடும் கேட்கத்தான் வேணும். ஆனா நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கிளம்பும் ஊற்று, சாயும் மரம் இதெல்லாம் என்ன சொல்லுது என்று நம்ம பாசையில் விளக்கவும், அறிக்கையைக் கையில் வச்சுக்கிட்டு அதிகாரியோட வாதாடவும் நம்ம பிள்ளை ஒருத்தர் வேணும். பேராதனையில் இதுக்கென்றே ஒரு துறை இருக்கு. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற தம்பி, தங்கச்சி, டொக்டர், எஞ்சினியர் பட்டியலில் இதையும் ஒரு வரி எழுதி வையுங்க.

இருநூறு வருசமா இந்த மலையில ஏறி இறங்குறோம். இனி அதைப் படிக்கவும் செய்வோம்.