அம்மா கையில்தான் இருக்கிறதாம்

பாலக்கரையில் எங்கள் தெருவில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பரீட்சை நடக்கும். எழுதுவது மூன்றரை வயதுக் குழந்தை. தோற்பது அம்மா.

ஃபேன் அனலை அள்ளிக் கொட்டும் மதிய நேரம். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வரும். "வாட் இஸ் யுவர் நேம்? மை நேம் இஸ்... சொல்லுடி." பிறகு நிறங்கள், பழங்கள். படத்தைப் பார்த்து "வாழப்பழம்" என்று குழந்தை சரியாகத்தான் சொல்லும். "பனானா சொல்லு" என்று அதட்டல் விழும். அதட்டுகிறவள் பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் வாரத்துக்கு ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். அது அவளுடைய ஒரே விடுப்பு நாள். அவளுக்கே வராத ஆங்கிலத்தைப் பிள்ளைக்கு ஊட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் "அம்மா ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல" என்பார்கள். சீட் கிடைக்க வேண்டுமென்று சகாய மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவள் கிறிஸ்தவள்கூட இல்லை.

எனக்கும் இது நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அதைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் கேட்டார்கள்: "வேலைக்குப் போறீங்களாம்மா? அப்ப ஹோம்வொர்க் யார் பாப்பாங்க?" பக்கத்திலேயே என் கணவர் இருந்தார். அவரிடம் கேட்டது வருமானம் ஒன்றைத்தான். "இவரும் பாப்பார் மேடம்" என்றேன். மேடம் சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

இப்படிக் கேட்பதைத் தடுக்கச் சட்டமே உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்க்கக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000. ஆனால் சட்டம் பேசுவது 6 வயதிலிருந்து. மழலையர் சேர்க்கைக்கு இது பொருந்தாது என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்.கே.ஜி. அந்தச் சந்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

"பள்ளிக்குத் தயார்ப்படுத்துதல்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! டயப்பரை விடவைப்பது, பால் புட்டியை மறக்கவைப்பது, எட்டு மணிக்கு எழுகிற பிள்ளையை ஆறரைக்கு எழுப்பிப் பழக்குவது, டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்கவைப்பது, ஒண்ணுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்லவைப்பது. மாதக்கணக்கில் செய்கிற வேலை இது. இரவில் ஈரத் துணி மாற்றுகிற வேலை. பெண் குழந்தையென்றால் கூடுதலாக ஒரு பாடம் உண்டு: "காலை ஒட்டி வச்சு உக்காரு." மூன்று வயதில். தம்பிக்கு அந்தப் பாடம் கிடையாது.

இதில் ஆண்களுக்கு ஒதுக்கிய பகுதி எது தெரியுமா? விஜயதசமி. தாத்தாவோ அப்பாவோ குருக்களோ பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்பார். போட்டோ எடுப்போம். மறுநாள் காலை அந்த விரலில் பென்சிலைத் திணித்து, கோடு தாண்டாமல் எழுதவைக்கப் போராடுகிறவள் எந்தப் போட்டோவிலும் இல்லை. (தட்டில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுத்ததும் அவள்தான்.)

சட்டத்திலும் இதே பங்கீடுதான். 1956ஆம் ஆண்டின் இந்து சிறார், காப்பாளர் சட்டத்தில் 6ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பிறகு தாய். அதே பிரிவு, 5 வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, மலம் அள்ளும் பருவம் அவளுக்கு, கையெழுத்து அவருக்கு. மகன் பெயரில் போட விரும்பிய முதலீட்டுக்குத் தன் கையெழுத்து செல்லாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம்வரை போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதும், அவர் பொறுப்பில் இல்லையென்றால் தாய் காப்பாளராகலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. 'அவருக்குப் பிறகு' என்ற சொற்கள் மட்டும் சட்டத்திலிருந்து போகவில்லை.

இது அம்மாவின் வேலை என்று சொல்கிறவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துவதில் முதல் வேலை வயிற்றை நிரப்புவது, அது அரசாங்கத்தின் வேலை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டார்கள். 1975இலேயே வந்துவிட்ட அங்கன்வாடியில் பாட்டு, கதை, சத்துமாவு, எடை பார்த்தல் எல்லாம் உண்டு. பிள்ளையை வடிகட்ட அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் அங்கேயும் தோள் கொடுப்பது பெண்கள்தான், அதுவும் பாதி விலைக்கு. அவர்கள் வாங்குவதற்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். பணிக்கொடை அவர்களுக்கும் உண்டு என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2022 ஏப்ரல் வரை ஆனது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் கைவிடப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்வதாகச் சொன்னார்கள். எதிர் வீட்டுக்காரிக்கு அங்கன்வாடி பிடிக்காமல் இல்லை. அவள் கடை மூடுவதற்கு வெகுநேரம் முன்பே அது பூட்டிவிடும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். அவள் கடையில் மாடிக்கு மாடி ஐம்பது பேர் நிற்கிறார்கள். தொட்டிலைக் காணோம்.

கடைவீதிப் பெண்கள் வீடு திரும்பும்வரை அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும். ஊழியருக்கு அரசு ஊழியரின் சம்பளம் வேண்டும். தமிழில் பழத்தின் பெயர் சொல்லும் பிள்ளையை ஏற்கப் பள்ளி தயாராகட்டும். கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, உங்களை முதன்முதலில் பள்ளியில் விட்ட நாளில் யார் லீவு போட்டார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எதிர் வீட்டுக் குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் முதல் நாள், அழுகை அடங்கும்வரை அவள் கேட்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றாள். கடையில் அரைநாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள்.