இலவசமும் தேர்ந்து கொள்க

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் விலைக்கு வாங்குவோரோ பல்லைப் பாராமல் மாடு பிடிப்பதில்லை. இணையம் இலவசமாகத் தரும் கல்விக்குச் சந்தையின் வழக்கமே ஏற்றது என்பேன்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சி தமிழ் இலக்கியங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. 2018 முதல் வெளிவந்த நம் பாடநூல்களின் விரைவுத் துலங்கல் குறியீடு காணொலிப் பாடங்களைக் காட்டுகிறது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத குடும்பத்திற்கு இவை பெருந்துணை. ஆயினும், பதிவேற்றியவர் யாரென்றே அறியாத காணொலியில் பிழையும் பாடமாகிவிடும். கற்றபின் அதனைக் களைவது அரிது. ஆகவே, பாடநூலோடு ஒப்பிடுக. ஐயமெனில் ஆசிரியரை வினவுக. திறன்பேசி இல்லாத தோழர்க்கும் கற்றதைப் பகிர்க. கட்டணமின்றிப் பெற்றதைக் கட்டணமின்றித் தருவதே முறை.