காலைப்பொழுதும் மாரடைப்பும்

பண்டைத் தமிழ்ப் புலவர் ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். மனித உடலும் பொழுதறிந்தே இயங்குகின்றது என்பதை இக்கால மருத்துவ ஆராய்ச்சி மெய்ப்பிக்கின்றது. அவ்வுண்மையை அறிந்து நாம் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு யான் கூற விரும்புவது.

சாரத்தில் எங்கள் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர், ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற வலியுடன் விழித்தார். "வாயுவாக இருக்கும், பிள்ளைகளை இந்நேரத்தில் எழுப்புவானேன்?" என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் அருந்திக் காத்திருந்தார். வியர்வை பெருகித் தளர்ந்த பின்னரே வீட்டார் அறிந்தனர். மருத்துவமனையை அடைவதற்குள் நான்கு மணி நேரம் கழிந்துவிட்டது. உயிர் தப்பியது, ஆயினும் இருதயத் தசையில் ஒரு பகுதி பட்டுப்போயிற்று. இன்று திண்ணைப்படி ஏறவும் அவருக்கு மூச்சு வாங்குகின்றது.

அவரை நோய் பற்றிய பொழுது தற்செயலானதன்று. 1985-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், நோயாளரின் நினைவை மட்டும் நம்பாது, குருதியில் தோன்றும் ஒரு நொதியின் அளவைக்கொண்டு மாரடைப்புத் தொடங்கிய நேரத்தைக் கணித்தனர். இரவு 11 மணியைவிடக் காலை 9 மணியளவில் அது மும்மடங்கு மிகுந்து தொடங்குவதாகக் கண்டனர். காரணமும் விளங்காததன்று. துயிலெழும்போது குருதியழுத்தமும் நாடித்துடிப்பும் உயர்கின்றன. அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் மிகுகின்றன. குருதித் தட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. கட்டியைக் கரைக்கும் ஆற்றலோ அப்பொழுது குன்றியிருக்கின்றது. முன்னரே கொழுப்புப் படிந்த குழாய்க்கு இவையனைத்தும் ஒருங்கே பகையாகின்றன.

"அங்ஙனமாயின் காலையில் உலாவுதல் தீதோ?" எனச் சிலர் வினவலாம். அன்று; நாடோறும் அளவாக நடப்பவர்க்கு இருதயம் வலுப்பெறுகின்றது. பழக்கமில்லாதவர் திடீரெனக் கடுமையாக உழைத்தலே அஞ்சத்தக்கது. இரவில் மாரடைப்பு வாராது என்று துணிதலும் பிழை. மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்துதல் அதனினும் பெரும் பிழை. மேற்கூறிய ஆராய்ச்சியிலேயே, பீட்டா பிளாக்கர் என்னும் மருந்தை உட்கொண்டிருந்தோரிடம் அக்காலைநேர மிகுதி காணப்படவில்லை.

நிற்க. பொழுதின் இயல்பை நம்மால் மாற்ற இயலாது. நமது தயக்கத்தை மாற்ற இயலும். அடைபட்ட குழாயைத் திறக்கும் சிகிச்சை முதல் ஒரு மணி நேரத்தில், அதாவது இரண்டரை நாழிகைக்குள், கிடைப்பின் பெரும்பயன் தரும். பின்னர்க் கழியும் ஒவ்வொரு நாழிகையும் தசையின் இழப்பே. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், சாரத்திற்கு அணித்தாகக் கோரிமேட்டில் உள்ளது. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். குறைவது வசதியன்று, துணிவே. வெளிநோயாளர் பிரிவு திறக்கட்டும் எனக் காத்திருப்பதும், காப்பி அருந்திப் பார்ப்போம் என ஒத்திவைப்பதும் நம் இல்லங்களின் வழக்கமாகிவிட்டன.

மாணவ நண்பர்களே! அப்பொழுதில் ஆழ்ந்து உறங்குவோர் நீங்களே. உங்கள் உறக்கம் கெடுமென்றே பெற்றோர் வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆதலின் இன்றிரவே அவர்களிடம், "நெஞ்சு வலித்தால் எந்நேரமாயினும் எங்களை எழுப்புங்கள்" என்று சொல்லிவையுங்கள். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.