விருந்தினர் சுமந்து செல்லும் நோய்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் குடும்பங்களில் ஊட்டி, கொடைக்கானல் என்ற பேச்சோடு இப்போது அந்தமான் என்ற பேச்சும் எழுகின்றது. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம்; விமானத்திலோ சில மணி நேரமே. கடவுச்சீட்டு வேண்டியதில்லை. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேர் நகரில் தமிழ் பேசியே கடைத்தெருவைச் சுற்றி வரலாம். எனவே பிறர் வாழும் இடத்திற்குப் போகின்றோம் என்ற நினைவே பலருக்கும் எழுவதில்லை. அந்நினைவு அவசியம் என்பதைச் சொல்லவே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் நம் நலத்தைப் பார்ப்போம். அங்கு வெயிலும் புழுக்கமும் மிகுதி; காய்ச்சி ஆறிய நீரும், உப்பு சர்க்கரைக் கரைசலும் கைவசம் இருக்கட்டும். கொசு உண்டு, கடற்கரையில் கடிக்கும் சிற்றீக்களும் உண்டு. கை கால்களை மறைக்கும் ஆடையே நல்ல காவல். உவர்நீர் முதலைகள் வாழும் கடல் அது. 2010-ல் ஹேவ்லாக் தீவில் சுற்றுலா வந்த பெண்ணொருவர் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். கிளிஞ்சலோ பவளத் துண்டோ எடுத்து வந்து சட்டச் சிக்கலில் அகப்படவும் வேண்டாம். இன்னொன்று: கடிகாரம் நம்முடையதே ஆயினும், அங்குக் கதிரவன் விருத்தாசலத்தை விட ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் முன்னதாக உதித்து மறைகின்றது. ஊர் வழக்கப்படி காத்திருந்தால் பஜ்ரும் மக்ரிபும் தவறிவிடும்.

இவை நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். நம்மிடமிருந்து அவர்களைக் காப்பது எங்ஙனம்?

1858-ல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியேற்றத்தை அமைத்தபோது, கிரேட் அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். பின்னர் வெளியார் கொண்டுவந்த நோய்கள் அவர்களை வாரிக்கொண்டன. 1877-ல் பரவிய தட்டம்மை பெருந்தொகையினரைக் கொன்றது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 625 பேர். 1961-ல் வெறும் 19 பேர். மோதல்களில் மாண்டவர்களும் உண்டு; எனினும் நோயே பேரழிவு செய்தது.

நம் வீட்டுக் குழந்தைகள் தாங்கிக்கொள்ளும் தட்டம்மை அவர்களை மட்டும் ஏன் அழித்தது? பீங்கான் ஊராரான நமக்கு இதை விளக்குவது எளிது. சூளையில் வெந்த குவளை நீரைத் தாங்கும். வேகாத பச்சைக் குவளையோ கரைந்து போகும். மண்ணின் தரத்தில் குறையில்லை. நெருப்பைக் காணவில்லை, அவ்வளவே. தலைமுறை தலைமுறையாக இந்நோய்களோடு பழகிய உடல் நமக்கு, தடுப்பூசியும் துணை. தனித்து வாழ்ந்த அம்மக்களுக்கு அப்பழக்கம் இல்லை.

இது பழங்கதை அன்று. ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999-ல், அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. அவர்களுடைய காட்டின் ஊடே செல்லும் நெடுஞ்சாலையில் இன்றும் வாகனங்கள் காவலுடன் வரிசையாகச் செல்கின்றன. அங்கே வண்டியை நிறுத்துதல், படம் எடுத்தல், தின்பண்டம் தருதல் யாவும் தடுக்கப்பட்டவை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளில் தண்டனைகள் 2012-ல் கடுமையாக்கப்பட்டன. ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடச் செய்த வீடியோ படம் உலகைத் தலைகுனிய வைத்ததும் அவ்வாண்டில்தான். பிஸ்கட் பொட்டலத்தை நீட்டும் கை இரக்கமுள்ள கையாக இருக்கலாம். அதில் ஒட்டியுள்ள சளிக் கிருமிக்கு இரக்கம் ஏது?

வடக்கு சென்டினல் தீவினர் எவரையும் அருகே விடுவதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நலம் அறியப் பறந்த ஹெலிகாப்டரை நோக்கியும் வில்லை வளைத்தனர். அத்தீவிற்குள் நுழைந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் 2018-ல் உயிரிழந்தார். 2025-ல் மற்றோர் அமெரிக்கர் அக்கரையில் ஒரு தேங்காயும் ஒரு டப்பா குளிர்பானமும் வைத்துத் திரும்பிக் கைதானார். அம்மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏளனம் செய்வோரும் நம்மிடையே உண்டு.

அனுமதியின்றிப் பிறர் வீட்டினுள் நுழையாதீர்கள், திரும்பிச் செல்லுங்கள் எனக் கூறப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்பது அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். கொள்ளை நோய் கண்ட ஊரை விட்டு வெளியேறாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததில், பிறருக்கு நோயைக் கொண்டு செல்லாதே என்ற கருணையும் அடங்கியுள்ளது. வில்லை வளைத்து நிற்பதும் ‘திரும்பிச் செல்க’ என்ற சொல்தான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமோ?

ஆகவே தாய்மார்களே, பயணப் பெட்டியை அடுக்கும் முன் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை பாருங்கள். காய்ச்சலோ இருமலோ இருப்பின் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சீட்டுப் பணம் போனால் போகட்டும். ஜாரவாக் காட்டுச் சாலையில் சன்னலை மூடி, கேமராவைப் பையினுள் வைத்துவிடுங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது அந்த 625-ஐயும் 19-ஐயும் சொல்லிக் கொடுங்கள்.