பழைய பட்டியலை நம்பிப் பில்லை நிறுத்தலாமா?

நெய்வேலி நகரியமானாலும் மந்தாரக்குப்பமானாலும், கணிப்பொறி இல்லாத மொத்த வியாபாரம் இன்று இல்லை. 2018 முதல், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சரக்கு கிளம்பும் முன் இ-வே பில் எடுக்க வேண்டியுள்ளது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர் இன்னொரு வணிகருக்குப் போடும் ஜி.எஸ்.டி. பில்லையும் இணையத்தில் பதிந்தாக வேண்டும். வைஃபை நின்றால் லாரி நிற்கிறது. லாரி நின்றால் காத்திருப்புக் கூலி நம் தலையில் விழுகிறது.

வணிகர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான்: மின்சாரம் போய் வந்த பிறகு வைஃபை பட்டியலில் கடையின் பெயர் தெரிகிறது; அழுத்தினால் இணைய மறுக்கிறது. அல்லது, புது ரூட்டர் வைத்தும் அதன் பெயர் பட்டியலில் வரவில்லை. உடனே லைன் கொடுத்தவருக்குப் போன், மெக்கானிக்குக்கு அழைப்பு. கோளாறு பல நேரம் லைனில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது என்பது நமது கருத்து.

ரூட்டர் ஒரு விநாடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்பொறியோ ஒவ்வொரு அலைவரிசையாகச் சில விநாடி கேட்டுப் பட்டியல் எழுதி வைக்கிறது. அடுத்த முறை கேட்கும்வரை அந்தப் பழைய பட்டியலையே காட்டும். லினக்ஸில் வைஃபையைக் கவனிக்கும் ஒரு பிரபல நிரல், காதில் விழாத பெயரையும் வழக்கமாக 180 விநாடி வைத்திருக்கிறது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், கைப்பேசிச் செயலி ஒன்று இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் தேட முடியாது. ஏட்டில் இருப்பு இருந்தும் கிடங்கில் மூட்டை இல்லாத கதைதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நமது கடைகளில் கணிப்பொறி யு.பி.எஸ்.ஸில் ஓடும், ரூட்டர் சுவர் பிளக்கில் இருக்கும். மின்சாரம் ஒரு நிமிடம் போனால் ரூட்டர் அணைந்துவிடும். கணிப்பொறி மட்டும் பழைய பெயரைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை, ரூட்டரையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுவது.

அதற்கு மேலும் தகராறு என்றால், வரிசையாகச் செய்ய வேண்டியவை இவை. ரூட்டர் எழுந்து விளக்குகள் நிலைக்க மூன்று நிமிடம் பொறுங்கள். வைஃபையை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுங்கள், பட்டியல் புதிதாகும். பிறகு கைப்பேசியில் பாருங்கள். அதிலும் பெயர் இல்லையென்றால் ரூட்டரைக் கவனியுங்கள். கைப்பேசியில் இருந்து கணிப்பொறியில் இல்லையென்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்காத பழைய கருவியாக இருக்கலாம். கடவுச்சொல் மாறியிருந்தால் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். கடைசியாக, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பல கணிப்பொறிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால் உள்ளே ஒரு பகுதி உறங்கி, காலையில் அப்படியே எழுகிறது. கோளாறும் கூடவே எழும்.

இணைப்பு கிடைத்தும் இணையம் ஓடாவிட்டால்தான் லைன் கொடுத்தவரை அழைக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களே" என்று சிலர் சொல்லலாம். இரவு எட்டு மணிக்கு, லாரி வாசலில் நிற்கையில், எந்த ஆளும் வரமாட்டார். தராசு சரிபார்க்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையல்ல. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி இதைச் செய்து காட்டலாம். மேற்சொன்ன படிகளை ஓர் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு கல்லாவிலும் தொங்கவிடலாம். முதலாளி மட்டுமன்றி, பில் போடும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சங்க நிர்வாகிகள் ஆவன செய்வார்களாக.