தலைக்குள் ஓடும் கல்லாறு

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறி விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், மலை ஏறுமுன் கல்லாற்றைப் பார்க்காமல் போக முடியாது. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிவதும் கூடுவதுமாக ஓடிக் கடைசியில் வாமனபுரம் ஆற்றில் போய்ச் சேருகிறது. ஒரு பாறைக்கு வலப்புறம் ஆள் மூழ்கும் ஆழம். இடப்புறம் கணுக்கால்கூட நனையாது. அதைப் பார்த்துவிட்டு ஆறு அடைபட்டுப் போயிற்று என்று யாரும் கூச்சல் போடுவதில்லை.

மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி இதயத்துக்கு இறக்கிவரும் சிரைகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அதே சங்கதி எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் வந்துவிட்டால், நம்மவர் வீட்டில் அன்று அடுப்பு எரிவதில்லை. "இடது குறுக்குச் சிரை சிறுத்துள்ளது" என்ற ஒரே வரி போதும். அதை யாரோ அரைகுறையாகப் படித்துச் சொல்ல, நாகர்கோவிலுக்கும் தென்காசிக்கும் செல்போனில் செய்தி பறக்கிறது: "தலையில் அடைப்பாம்!"

உள்ளபடி விஷயம் என்ன? பின்மண்டையின் உட்புறம் இடமும் வலமுமாக இரண்டு பெரிய வடிகால்கள் உண்டு. பெரும்பாலோருக்கு வலதுதான் மெயின் லைன்; இடது கிளைப்பாதை. சிலருக்கு அந்தக் கிளை நூலாக மெலிந்திருக்கும். வண்டிகள் எல்லாம் வலது வழியே போய்விடுவதால் ஒரு தாமதமும் இல்லை. மூளையின் மேற்பரப்பில் டிரோலார்டு, லாபே என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் பெயர் தாங்கிய இரண்டு சிரைகள் உள்ளன. ஒன்று பருத்திருந்தால் மற்றது மெலிந்திருப்பது சகஜம். கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறு. பிறவி அமைப்பு இது, வியாதி அல்ல.

மெஷினும் சில சமயம் ஏமாற்றும். ரத்தம் ஓடும் வேகத்தை வைத்துப் படம் பிடிக்கும் முறையில், ஓட்டம் மெதுவாக இருக்கும் இடம் படத்தில் விழாமல் போகும். குழாய் அறுந்தது போலத் தெரியும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் கோளாறு ஏதும் காணாத 100 பேரின் சிரைப் படங்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 31 பேருக்குக் குறுக்குச் சிரையில் இப்படி இடைவெளி தெரிந்தது. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்!

இதற்கு மாற்றாக இன்னொரு வழி வந்தது. பிராணவாயுவை இழந்த ரத்தத்துக்குக் காந்த குணம் உண்டென்று பாலிங் என்ற ரசாயன மேதை 1936லேயே காட்டியிருந்தார். அதைக் கொண்டு, ஊசிமருந்து ஏற்றாமலே மிக நுண்ணிய சிரைகளையும் கறுப்புக் கோடாகப் பிடிக்கலாம் என்று 1997ல் ரைஷன்பாக், ஹாக்கே முதலானோர் செய்து காட்டினர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் டாக்டர்களும் இந்த முறையின் பயன்களைப் பற்றி 2008ல் வெளிநாட்டு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். 1980ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அந்த நிலையம், கல்லாற்றுக்காரருக்குப் பஸ் தூரம்.

இதெல்லாம் பெரிய டாக்டர்கள் சமாசாரம், கூலிக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்ததுதான். இயற்கையாகச் சிறுத்த சிரையை அடைப்பு என்று கொண்டால், ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மாத்திரை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒருநாள் கூலி போகும். சாரத்தில் நின்று வேலை செய்கிறவன் தவறி விழுந்தால் ரத்தம் சட்டென்று நிற்காது. அடைப்பையே "அது பிறவிச் சிறுப்பு" என்று தள்ளிவிட்டாலோ, உயிருக்கே ஆபத்து.

அந்த ஆபத்து நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் அதிகம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மூளையின் ரத்தக் குழாய்களில் ஏற்படும் அடைப்பைப் பற்றி, 135 நோயாளிகளை வைத்து மதுரை டாக்டர் கே. சீனிவாசன் 1983ல் எழுதியது உலகெங்கும் படிக்கப்பட்ட கட்டுரை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும் என்று நாக்கு வறள வைக்கும் பத்தியம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. உண்மையில் உடம்பில் நீர் வற்றினால்தான் ரத்தம் கெட்டியாகிச் சிரை அடைபடும், வலிப்பு வரும். எதற்குப் பயந்து தண்ணீரை மறைத்தார்களோ அதையே அழைத்து வருகிறார்கள். பாட்டிமார் கோபித்தாலும் சரி, இதைச் சொல்லத்தான் வேண்டும். பிரசவத்துக்குப் பின் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி, வலிப்பு என்று எது கண்டாலும் மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

ஆகவே எது சகஜம், எது சங்கடம் என்று பிரித்தறிய, நோயில்லாதவர் தலைப் படங்கள் ஏராளமாக வேண்டும். சுகமாக இருப்பவன் எவன் காசு கொடுத்துப் படம் எடுப்பான்? தலைவலிக்கு எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் படங்களைச் சம்மதம் வாங்கி, பெயரை நீக்கிச் சேர்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. நம் தேசத்து ஜனங்களின் தலைக்கு நம் தேசத்து அளவுகோலே பொருத்தம். அந்தச் சம்மதப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது சம்மதம் ஆகாது.

ரிப்போர்ட்டின் அடியில் "இது பலருக்கும் உள்ள இயல்பான அமைப்பு" என்று ஒரு வரி சேர்த்தால் டாக்டருக்கு ஆகும் செலவு அரை நிமிடம். நம்மவர்களும் ஒன்று செய்யலாம். படத்தையும் சி.டி.யையும் ஊர் மாறும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் ரேஷன் கார்டோடு பெட்டியில் வைக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து இன்னொரு டாக்டர், "இது முன்பே இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.