படத்துக்குக் குரல் கொடுப்பவர் யார்?

மே மாதம் பிறந்துவிட்டால் புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களின் கணினிகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் ஒருவகைப் படத்தொகுப்புகள் வந்து சேரத் தொடங்கும். முப்பது, நாற்பது ஒளிப்படங்கள். ஒன்று மறைய மற்றொன்று தோன்றும். பின்னணியில் வயலினோ புல்லாங்குழலோ அழுதுகொண்டிருக்கும். அதன் மேல் தழுதழுத்த ஒரு குரல். நவம்பர் மாதத்தில் மாவீரர் நாளையொட்டி வேறொரு வகைத் தொகுப்புகள் வரும். 2009ஆம் ஆண்டில் பிறந்திராத நமது பிள்ளைகளுள் பலர் வன்னியையும் கிளிநொச்சியையும் முள்ளிவாய்க்காலையும் அறிந்துகொள்வது இவற்றின் வழியாகவே. எனவே இவற்றில் சேர்க்கப்படும் இசையையும் குரலையும் பற்றிச் சற்று ஆறுதலாகச் சிந்திப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

படம் உண்மையைச் சொல்லும், இசை அதற்கு அலங்காரம் செய்யும் என்பதே நம்மிற் பலரின் எண்ணம். நடப்பது வேறு. படத்தின் பொருளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதனோடு சேர்ந்து வரும் ஒலிதான். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் கிறிஸ் மார்க்கர் இதனை 1957ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டார். ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’ என்ற தமது ஆவணப்படத்தில், யாகூட்ஸ்க் நகரின் தெருக்காட்சி ஒன்றை அவர் மும்முறை காட்டுகிறார். ஒரு பேருந்து செல்கிறது. தொழிலாளர் தெருவைச் செப்பனிடுகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் கமராவைப் பார்த்தபடி கடந்து போகிறார். முதல் முறை சோவியத் ஆட்சியைப் புகழும் வர்ணனை. இரண்டாம் முறை அதனை இகழும் வர்ணனை. மூன்றாம் முறை நடுநிலையானதாகத் தோன்றும் வர்ணனை. மூன்று முறையும் நாம் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறோம். ஆனால் மூன்று வெவ்வேறு நகரங்களைப் பார்த்த உணர்வோடு எழுந்து போகிறோம்.

இது ஏன் நிகழ்கிறது? ஒளிப்படத்துக்குப் பெயர் தெரியாது, திகதி தெரியாது. அது ஒரு முகத்தைக் காட்டும். அந்த முகத்துக்கு உரியவர் யார், அழுவது எதற்காக என்று சொல்லாது. அதனைச் சொல்வதற்காகவே பத்திரிகையில் படத்தின் கீழ் ஒரு வரி எழுதுகிறோம். பத்திரிகைப் பணியில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் அந்த ஒற்றை வரியின் பலத்தை நான் நன்கறிவேன். ஆயினும் வாசகர் விரும்பினால் அதனைப் படிக்காமல் விடலாம். படத்தை நெடுநேரம் பார்த்துத் தமக்கென ஒரு முடிவுக்கு வரலாம். ஓடும் படத்தொகுப்பில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொரு படமும் சில வினாடிகளே நிற்கும். கண் தேடத் தொடங்குமுன் காது தீர்ப்பை வாங்கிவிடுகிறது.

வன்னியிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 2009 ஏப்ரல் 20ஆம் திகதி புதுமாத்தளனில் மண் அணை உடைக்கப்பட்டபோது பல்லாயிரம் மக்கள் நீரேரியைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தார்கள். வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்தக் காட்சியை அரசாங்கம் உலகெங்கும் வெளியிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கையில் மனிதர்கள் எறும்புகளைப் போலத் தெரிந்தார்கள். அழுகையோ வெடிச்சத்தமோ பெயர் சொல்லி அழைக்கும் குரலோ எதுவும் அதில் இல்லை. கேட்டதெல்லாம் பின்னர் சேர்க்கப்பட்டது. உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய பணயக்கைதிகள் மீட்பு நடவடிக்கை இது என்றது அரசாங்கத்தின் வர்ணனை. தமிழர் தொகுத்த காட்சிகளிலோ அதே மனித வரிசை சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட இனமாகியது. அந்த வரிசையில் நடந்தவர்களுக்குள் எத்தனை வகையான அச்சம் இருந்தது, முன்னால் நின்றவரிடம் பயமா, பின்னால் நின்றவரிடம் பயமா, வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை இரு தரப்பு வர்ணனைகளும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் இதே போட்டி இன்னும் தெளிவாக நடந்தது. 2011 ஜூன் 14ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. வர்ணனை செய்தவர் ஜோன் ஸ்னோ. ஓகஸ்ட் மாதத்தில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அதற்கு மறுப்பாகத் தனது ஆவணப்படத்தை வெளியிட்டது. முன்னதை ஜெனிவாவிலும் பின்னதைக் கொழும்பிலும் நம்பினார்கள் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சச்சரவு எழும்போது நிலைத்து நிற்பது கைவிரல் பதித்த சான்று மட்டுமே. எந்தக் கருவியில், எந்த நாளில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் காட்டக்கூடிய மூலப்பிரதிதான் கேள்விகளைத் தாங்கும். அதன்மேல் பூசப்பட்ட இசை எதனையும் நிரூபிக்காது.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியாது. நமது பக்கத்திலும் ஒலியால் படத்தை ஆளும் கலை நன்கு வளர்ந்திருந்தது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் வெளியிட்ட ‘ஒளிவீச்சு’ என்ற காணொளிச் சஞ்சிகை புலம்பெயர் வீடுகளின் வரவேற்பறைகள் வரை வந்தது. சமர்க்களக் காட்சி, எழுச்சிப் பாடல், உயர்ந்து ஒலிக்கும் வர்ணனைக் குரல் என்பவற்றுக்கு அங்கு ஓர் இலக்கணமே உருவாகியிருந்தது. மாவீரர்களின் படங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும்போது ஒலித்த பாடல்கள் பார்த்தவரின் துயரத்தைப் பெருமையாக மாற்றின. அந்தப் பாடல்களின் இலக்கியத் தரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விரும்பிச் சென்றவர்களின் உறுதியையும் மறுக்கவில்லை. ஆனால் போரின் இறுதிக் காலத்தில் வன்னியில் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் இதனைப் பதிவு செய்திருக்கிறது. இரு வகையினரின் படங்களையும் ஒரே பாடலின் கீழ் வரிசைப்படுத்தும்போது, தாயின் கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளையும் விரும்பிச் சென்றவராகிவிடுகிறார். அந்தத் தாய் சொல்லக்கூடியதை அந்தப் பாடல் சொல்லவிடாது.

இசையின் வல்லமை அத்தகையது. அது நினைவையே மாற்றி எழுதக்கூடியது. அமெரிக்காவின் கென் பேர்ன்ஸ் 1990ஆம் ஆண்டில் அந்நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரை வெளியிட்டார். 1861 தொடக்கம் 1865 வரை நடந்த போர் அது. அசையும் படங்கள் இல்லாத காலம். ஆகவே பழைய ஒளிப்படங்களின் மேல் கமராவை மெல்ல நகர்த்தி, போர்வீரர்களின் கடிதங்களை வாசிக்கச் செய்து, சோகமான வயலின் இசையைச் சேர்த்தார். அந்த இசையைப் போர்க்காலத்துப் பழைய மெட்டு என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது ஜே அங்கர் என்ற இசைக்கலைஞர் 1982ஆம் ஆண்டில் அமைத்தது; இசைப் பயிற்சி முகாமொன்று முடிந்த ஏக்கத்தில் பிறந்தது. போருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் இன்று அந்த மெட்டைக் கேட்கும் அமெரிக்கர் பலருக்கு அந்தப் போரின் முகங்களே நினைவுக்கு வருகின்றன. படத்தை நகர்த்தும் அந்த உத்தி பின்னர் அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் அவரது பெயராலேயே இடம்பெற்றது. இன்று நமது பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தி அதனைச் செய்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுகள் பல உருண்டன. பதில் அறியாமலே பெற்றோர் பலர் கண்மூடிவிட்டார்கள். அந்தத் தாய்மார் ஏந்தி நின்றவை ஒளிப்படங்கள். பாடசாலைச் சீருடையில் எடுத்தவை, அடையாள அட்டைக்காக எடுத்தவை, கலியாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. அவர்களின் கோரிக்கை மிக எளிமையானது: எங்கள் பிள்ளைகள் எங்கே? மரணச் சான்றிதழ் தருகிறோம், இழப்பீடு தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது அவர்கள் வாங்க மறுத்தார்கள். தங்கள் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்த பிள்ளைக்குத் தாங்களே சாவு எழுதிக் கொடுக்க அவர்கள் ஆயத்தமாயில்லை.

இந்தப் படங்கள்தாம் இணையத்தில் தொகுப்புகளாகும்போது மெழுகுவர்த்திச் சுடரோடும் சோக இசையோடும் வருகின்றன. தொகுப்பவரின் நோக்கம் நல்லது. ஐயமில்லை. ஆனால் தமிழ்க் காதுக்குச் சாவின் ஒலி மிகப் பழக்கமானது. சங்க காலத்தில் நெய்தற்பறை முழங்கினால் அது இறந்தவர் வீடு என்று ஊர் அறிந்தது. நமது காலத்தில் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் நேரம் வந்தால் வீடே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. அதே இலக்கணத்தில் அமைந்த இசையைக் காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்குப் பின்னால் ஒலிக்கவிடும்போது, அவர் இறந்துவிட்டார் என்று நாம் அறிவிக்கிறோம். அரசாங்கம் நீட்டியபோது அந்தத் தாய் வாங்க மறுத்த சான்றிதழை, அவளுக்கு ஆதரவாக நிற்பதாக எண்ணிக்கொண்டு நாமே எழுதிக் கொடுக்கிறோம். அவள் ஏந்தியிருக்கும் படம் ஒரு கேள்வி. அழும் வயலின் அதனை அஞ்சலியாக்கிவிடுகிறது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு உண்டு. அஞ்சலிக்குப் பதில் எவரும் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பவரும் இரண்டு சொட்டுக் கண்ணீரோடு கடமை முடிந்தது என்று அடுத்த காணொளிக்குப் போய்விடலாம்.

இசை இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு ஒரு முன்னுதாரணத்தைச் சொல்லலாம். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2009ஆம் ஆண்டில், வன்னி எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், ‘எண்பது இலட்சத்தில் ஒருவர்’ என்று பொருள்படும் தலைப்பில் தனது இணையத்தளத்தில் படத்தொகுப்புகளை வெளியிட்டது. நகரத்தின் சாதாரண மனிதர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு தொகுப்பு. ரொட் ஹைஸ்லர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். வர்ணனையாளர் கிடையாது. படத்தில் இருப்பவரே தம் கதையைத் தம் குரலில் சொன்னார். தயங்கிய இடத்தில் தயக்கம் கேட்டது. சிரித்த இடத்தில் சிரிப்புக் கேட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் எம்மி விருதும் கிடைத்தது. மனிதக் குரல் தனியே நின்று ஒரு படத்தைத் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நமது தாய்மார் ஒப்பாரி வைப்பதில்லையா, அதுவும் இசைதானே என்று இன்னொரு கேள்வி எழலாம். உண்மை. ஆனால் ஒப்பாரி இரவல் இசை அன்று. அதில் பெயர் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது, ஊர் இருக்கிறது, நடந்த சம்பவம் இருக்கிறது. யார் யாருக்காக அழுகிறார் என்பது அதில் ஐயமறத் தெரியும். அழுவதா, வைவதா, கேள்வி கேட்பதா என்பதைத் தீர்மானிப்பவளும் அவளே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோக இசை எவருக்கும் பொருந்தும். ஆகவே அது எவருக்கும் உரியதன்று.

படத்தொகுப்புச் செய்யும் இளைஞர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறேன். படத்தில் உள்ளவரின் அல்லது அவரது உறவினரின் குரல் கிடைக்குமானால், அவரது சம்மதத்தோடு அதனையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் இடம், நாள், எடுத்தவர் விபரம் ஆகியவற்றை நிதானமான குரலில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். வேறு நாட்டுப் போர்களின் படங்கள் நமது தொகுப்புகளில் கலந்துவிடுவது, மறுப்பவர்களின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம். ஒவ்வொரு படத்துக்கும் பார்வையாளர் அதனைப் பார்த்து முடிக்குமளவு நேரம் கொடுங்கள். இறந்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் ஒரே தொகுப்பில் கலக்காதீர்கள். மூலப்படங்களை இசையோ எழுத்தோ சேர்க்காமல் வேறாகப் பாதுகாத்து வையுங்கள். ஒருநாள் ஒரு நீதிமன்றமோ ஆணைக்குழுவோ கேட்கப்போவது அவற்றைத்தான்.

அஞ்சலித் தொகுப்புகளுக்கு இசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறந்தார் என்று குடும்பம் ஏற்றுக்கொண்டவருக்கு அழுவது நமது உரிமையும் கடமையும் ஆகும். யாருக்கு அழுகிறோம், யாரைத் தேடுகிறோம் என்ற வேறுபாட்டை நமது காதுகள் மறந்துவிடக்கூடாது என்பதே எனது கவலை.

கிளிநொச்சியில் அந்தத் தாய்மார் படங்களோடு நின்ற இடத்துக்கு அருகே ஏ-9 வீதி ஓடுகிறது. அவர்களின் படங்களுக்குப் பின்னணியாக ஒலித்தது பேருந்துகளின் இரைச்சலும் அவர்களது சொந்தக் குரலுமே. அந்தக் குரலில் கோபம் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. நாம் சேர்க்கும் இசையில் அவை இரண்டும் இல்லாவிட்டால் அந்த இசையை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுவதே முறை.